குளிரில்லாத ஊரில் நித்திரைப் பை வாங்கியது

குளிரைப் பற்றி யாழ்ப்பாணத்து ஆக்களுக்குத் தெரிந்த அளவு உலகத்தில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது. மார்கழி பிறந்து, மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாமோ என்று யோசிக்கிற அளவுக்குக் காற்று மாறினால் போதும். அடுத்த நாள் காலை கோப்பாயில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பாருங்கள். அரைவாசிப் பேர் காதை மூடிய கம்பளித் தொப்பியோடும் மிச்சப் பேர் கழுத்தைச் சுற்றிய மப்ளரோடும், வடதுருவத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்கப்போகிற முகத்தோடு நிற்பார்கள். நானும் அதில் ஒருத்தன்தான். வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி மாறப் போகிற காலைகளில் தலையில் துவாய் கட்டாமல் போனதில்லை. வெயில் ஏறினபிறகு வியர்வை துடைக்கிறதும் அதே துவாய்தான்.

இவ்வளவு அனுபவத்தை வைத்துக்கொண்டுதான், நுவரெலியாவில் கூடாரத்துக்குள் படுக்கப்போகிற பிள்ளைக்கு நானும் என் மனிசியும் ஒரு நித்திரைப் பை தெரிவுசெய்ய வெளிக்கிட்டோம். பிள்ளையளே, நீங்களும் ஒருநாள் பாசறை, சுற்றுலா என்று குளிர்நாட்டுப் பக்கம் போவீர்கள். அப்போது உங்கள் அப்பாமாரும் எங்களைப்போலவே எல்லாம் தெரிந்தவர்களாக இருப்பார்கள். அவர்களிடமிருந்து தப்புவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவன். விஞ்ஞானம் இரண்டாம் முறைதான் பாஸ். ஆகவே பெரிய விளக்கங்கள் எதிர்பார்க்க வேண்டாம். நடந்ததைச் சொல்லுகிறேன்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். குளிர்காற்றுப் பட்டால், தூசி பட்டால், மூச்சு விசில் மாதிரி இழுக்கும். மருந்துப் பம்ப்பை வாயில் வைத்து அடித்தால் நிற்கும். ஒன்பதாம் வகுப்பில் அவள் பள்ளிக்கூடத்துச் சாரணியர் குழுவில் சேர்ந்தாள். தை மாதம் நுவரெலியாவில் பாசறை என்று அறிவித்தார்கள், அவளையும் தெரிவுசெய்தார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தபோது பொறுப்பான ரீச்சர், படுக்கை கூடாரத்துக்குள்தான், இரவில் குளிர் கடுமையாக இருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நல்ல சிலீப்பிங் பாக் கட்டாயம் என்றார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். நல்லது என்றால் எது என்று அங்கே இருந்த ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாது என்று கேட்கிற பழக்கமும் எங்களிடம் கிடையாது.

கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டோம். போகலாம் என்றார். பம்ப்பை மறக்கக்கூடாது, படுக்கிறபோது உடம்பு குளிரக்கூடாது, அவ்வளவுதான் என்றார். மனிசிக்கு அதில் 'குளிரக்கூடாது' மட்டும்தான் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்த முதலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பிள்ளைக்குக் குளிராது எண்டு எனக்குக் காட்டுங்கோ. காட்டினால் அவள் போகட்டும். காட்டேலாட்டில் வீட்டை இருக்கட்டும். பிறகு என்னோடை கதைக்க வேண்டாம்."

பக்கத்தில் நின்ற மகள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். கண்டிக்குப் போன சுற்றுலாவும் திருகோணமலைக்குப் போன சுற்றுலாவும் இந்த முட்டால்தான் அவளுக்கு இல்லாமல் போனவை. மற்றப் பிள்ளையள் எடுத்த படங்களைப் போனில் பார்த்து, இதிலே நிற்பது இன்னார், இது அவர்கள் சாப்பிட்ட இடம் என்று தான் போய்வந்தவள் மாதிரி எங்களுக்கு விளக்கம் சொல்லுவாள். இந்த முறையும் அப்படி விளக்கம் கேட்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

முதலில் மனிசி அலுமாரியைத் திறந்தாள். அந்த அலுமாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த சாமான்கள் எல்லாம் அதற்குள்தான் வாழ்கின்றன. பிரிக்காத சென்ற் போத்தல், விருந்தாளிக்கென்று வைத்த துவாய், அந்த விருந்தாளியே இறந்துபோனபிறகும் மடிப்புக் கலையாமல் கிடக்கிற மேசைவிரிப்பு. நல்ல சாமான் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே அடையாளம், அதை ஒருத்தரும் பாவித்திருக்கக்கூடாது.

அதன் அடித்தட்டிலிருந்து அவள் ஒரு சின்ன நீலப் பொட்டலத்தை வெளியே எடுத்தாள். கனடாவிலிருக்கிற அவளுடைய தமையன் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த சிலீப்பிங் பாக். மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு காற்சட்டைப் பைக்குள் வைக்கலாம் போல இறுக்கிச் சுருட்டி, அதற்குரிய உறைக்குள் தள்ளி, உறையின் கயிற்றை முடிந்து, பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்து, சுற்றிவரப் பூச்சி உருண்டைகளையும் போட்டு இத்தனை வருடமாகக் காவல் காத்திருக்கிறாள்.

"ரவுணிலை கடை கடையா ஏறி இறங்கத் தேவையில்லை. கனடாச் சாமான். அங்கத்தைப் பனிக்கே தாங்கினது," என்றாள்.

கயிற்றை அவிழ்த்து உதறினாள். உள்ளேயிருந்து வந்தது வெக்கை இல்லை, பூச்சி உருண்டை மணம். மகள் இருமத் தொடங்கினாள். குளிர் இன்னும் பக்கத்திலும் வரவில்லை, அதற்கு முதலே பம்ப் அடிக்க வேண்டியதாய்ப் போய்விட்டது. பையோ நனைந்த அப்பளம் மாதிரி நிலத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெயிலில் போட்டோம். தட்டினோம். கொடியில் தொங்கவிட்டு இரண்டு நாள் பார்த்தோம். மணம் கொஞ்சம் போனது. பஞ்சு எழும்பவில்லை. அங்கங்கே கட்டியாக உருண்டு, நடுவில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு வெறுந்துணியாகி இருந்தது.

கனடா மாமாவை வீடியோவில் கூப்பிட்டோம். பையைப் போனுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள் மனிசி. அவர் முதலில் அது என்ன இடுப்பில் கட்டுகிற பழைய சாரமோ என்று கேட்டார். தான் தந்தது என்று தெரிந்தபிறகு முகம் மாறிற்று.

"உதைச் சுருட்டினபடியே வைச்சிருந்தனியளோ? உதுக்குள்ளை சூட்டைப் பிடிக்கிறது பஞ்சில்லை, பஞ்சுக்கு நடுவிலை நிக்கிற காத்து. வருசக்கணக்கா அமத்தி வைச்சால் பஞ்சு பிறகு எழும்பாது. நாங்கள் இஞ்சை உதை விரிச்சுத்தான் தொங்கவிடுறனாங்கள். ஏன் நீங்கள் பாவிக்கேல்லை?"

"பழுதாப்போயிடும் எண்டுதான் அண்ணை."

கனடாவில் நெற் நின்றுவிட்டதோ என்று நான் நினைத்தேன். திரையில் அவர் முகம் அப்படியே அசையாமல் நின்றது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கிக் கப்பலில் போடுகிறேன், சித்திரை வருசத்துக்கு முதல் வந்துசேரும் என்றார். பாசறை தையில். போதாக்குறைக்கு நுவரெலியாக் குளிர் ஒரு குளிரா, அந்தக் குளிரில் நாங்கள் இங்கே கட்டைக் காற்சட்டையோடு கடைக்குப் போவோம் என்றும் சொன்னார். இவர்தான் இங்கே வந்து நின்ற நாட்களில் வெயில் தாங்காமல் நாளுக்கு நாலு தரம் குளிக்கக் கிணற்றடிக்குப் போனவர்.

ஆகவே பிள்ளையளே, முதற்பாடம் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. நித்திரைப் பையை ஒருநாளும் சுருட்டி அமத்திச் சேமிக்காதீர்கள். பயணத்துக்கு மட்டும் உறைக்குள் போடுங்கள். வீட்டில் கொடியிலோ கொக்கியிலோ தளர்த்தித் தொங்கவிடுங்கள். முக்கியமாக, பாவியுங்கள்.

அடுத்த சனிக்கிழமை நானும் மகளும் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பள்ளிப் பையும் மழைக்கோட்டும் பயணப்பெட்டியும் விற்கிற ஒரு கடை. சிலீப்பிங் பாக் இருக்கிறதோ என்று கேட்டேன். விற்பனைக்கு நின்ற பொடியன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். மழைக்கோட்டுக் கேட்டிருந்தால் அப்படிப் பார்த்திருக்கமாட்டான். உள்ளே போய் மூன்று பொதியைக் கொண்டுவந்து போட்டான். ஒன்றின் உறையில் பனிமலை ஒன்றும் அதன் உச்சியில் ஒரு வெள்ளைக்காரனும் நின்றார்கள். அந்த வெள்ளைக்காரனுக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருந்தார்கள்.

"இது மைனஸ் பத்துக்கும் தாங்கும் அண்ணை."

"ஆர் தாங்கிறது? பையோ, உள்ளுக்குப் படுக்கிற ஆளோ?" என்று கேட்டாள் மகள்.

பொடியன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவள் பையைப் புரட்டி உள்ளே தைத்திருந்த சின்னத் துணித்துண்டைத் தேடிப் பிடித்தாள். போனில் இதைப் பற்றியெல்லாம் அவள் முதலே வாசித்து வைத்திருந்திருக்கிறாள். அந்தத் துண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் இருந்தன. ஒன்று, அந்த அளவு குளிர் வரைக்கும் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்பது. அதிலும் குறைந்த எண், சுருண்டு கிடந்து ஒருமாதிரிச் சமாளிக்கலாம் என்பது. கடைசி எண், விடியும்போது உயிர் இருக்கும் என்பது. வெளியே உறையில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது அந்தக் கடைசி எண்ணைத்தான்.

"நிம்மதியா நித்திரை கொள்ளுற எண்ணைத்தான் பாக்கவேணும் அப்பா. அதுவும் நாங்கள் போற இடத்துக் குளிரிலும் பாக்கக் கொஞ்சம் கீழை இருக்கவேணும்," என்றாள். நான் அது எனக்கு முதலே தெரியும் என்கிற மாதிரித் தலையாட்டினேன். பெற்றோர் கூட்டத்திலிருந்து எனக்கு இது நன்றாகப் பழகிவிட்டது.

இரண்டாவது பை வாத்து இறகு அடைத்தது. பாரம் இல்லை, கையில் எடுத்தால் பஞ்சுமிட்டாய் மாதிரி. வாத்துக்கு எந்தக் குளிரிலும் குளிராதுதானே அண்ணை என்றான் பொடியன். வாத்துக்கு முட்டு இல்லை என்றாள் மகள். அவள் சொன்னது சரி. இறகும் தூசியும் அவளுக்கு ஒத்துவருமோ தெரியாது. அதைவிட, இறகு நனைந்தால் சூடு போய்விடுமாம், காயவும் நாளெடுக்குமாம். நுவரெலியாவில் பனிப்புகார் கூடாரத்துக்குள்ளேயே வந்துவிடும் என்று ரீச்சரும் சொல்லியிருந்தார். விலையைப் பார்த்தபிறகு எனக்கும் வாத்தின் மேல் இரக்கம் வந்துவிட்டது. எனவே செயற்கைப் பஞ்சு அடைத்ததுதான் என்று முடிவானது. கொஞ்சம் பாரம், ஆனால் ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்கும், தோய்க்கலாம், எங்கள் கைக்கும் எட்டும்.

மூன்றாவது அதுதான். படம் ஒன்றும் இல்லாத, நிம்மதி எண் மட்டும் சரியாக இருந்த சாம்பல் நிறப் பை. அதில் இரண்டு அளவு இருந்தது. நான் பெரியதைத் தூக்கினேன். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சப்பாத்தோ சட்டையோ எதுவானாலும், வளருகிற பிள்ளை என்று இரண்டு அளவு கூட்டித்தான் வாங்குவோம். பிள்ளை அதற்குள் வளர்ந்து முடிக்கிறபோது சட்டை கிழிந்து முடிந்திருக்கும். என் மகள் பள்ளிக்கூடம் தொடங்கின நாளிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையும் அளவாகப் போட்டதில்லை.

"சின்னது காணும் அப்பா."

"வளருற பிள்ளை. இன்னும் பத்து வருசத்துக்குப் பாவிக்கலாம்."

"உந்த வெறும் இடம் முழுக்க என்ரை உடம்புதான் சூடாக்கவேணும். நான் என்ன ஹீற்றரோ? எனக்கு இந்த முறைதான் குளிரும் அப்பா, பத்து வருசத்தாலை இல்லை."

நான் பெரியதை வைத்துவிட்டேன். என் வாழ்நாளில் அவளுக்கு அளவாக வாங்கின முதற்சாமான் அதுதான். தலைக்கு மூடி இருக்கிறதோ, அதைச் சுருக்கக் கயிறு இருக்கிறதோ, இழுத்துப் பூட்டுகிற சிப்பின் உட்பக்கம் காற்றுப் புகாமல் ஒரு பட்டை ஓடுகிறதோ, உள்ளேயிருந்தும் சிப்பை இழுக்க முடிகிறதோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உள்ளே புகுந்து படுத்துப் பார் என்றேன். சனம் பார்க்குது என்றாள். என்னைப் புகுந்து பார்க்கச் சொன்னாள். எனக்கு அது நெஞ்சுவரைக்கும்தான் வந்தது. அதையும் சனம் பார்த்தது.

வீட்டில் மனிசி பையைத் தொட்டுப் பார்த்தாள், அமத்திப் பார்த்தாள். தமையனுடைய பை தோற்றுப்போன இடத்தில் ரவுண்ச் சாமான் வென்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? உது குளிரைத் தாங்குமோ, வெங்காயச் சாக்கு இதைவிடத் தடிப்பு என்றாள். தாங்கும் என்று எழுதியிருக்கிறது என்றேன். எழுதியிருக்கிறதை வைத்துப் பிள்ளையை அனுப்பேலாது, காட்டுங்கோ என்றாள்.

கோப்பாயில் குளிருக்கு எங்கே போகிறது? மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, யன்னலெல்லாம் திறந்து, நிலத்தைத் தண்ணீரால் கழுவிவிட்டு, மனிசியையே படுக்கச் சொன்னோம். அவளும் மகளும் ஒரே உயரம், பை அவளுக்கு அளவு. கழுத்துவரைக்கும் சிப்பை இழுத்துக்கொண்டு கிடந்தாள். வெளியே வந்தபோது தலைமயிர் நெற்றியில் ஒட்டி, சட்டை நனைந்து, கிணற்றுக்குள் விழுந்து எழும்பினவள் மாதிரி நின்றாள்.

"எப்பிடி? குளிரேல்லைத்தானே?" என்றேன்.

"குளிரில்லாத இடத்திலை குளிரேல்லை எண்டு காட்டுறது பெரிய கெட்டித்தனமோ?"

நான் எழும்பி மின்விசிறியை நிறுத்தினேன். மகள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். பிறகு நினைத்துப் பார்த்து, சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். பாசறைக்குப் போவதோ இல்லையோ என்று ரீச்சருக்குத் திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

அப்போதுதான் நல்லூரில் ஐஸ்கிரீம் கடையில் வேலைசெய்கிற என் கூட்டாளி ஞாபகத்துக்கு வந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு விஞ்ஞானத்தில் பெயிலானவன். இப்போது யாழ்ப்பாணத்தில் குளிருக்குப் பொறுப்பாக இருக்கிற சில ஆட்களில் ஒருத்தன். போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஐஸ்கிரீம் இருக்கிற அறைக்குள் போனால் விறைத்துப்போவாய், ஆனால் பாலும் பழமும் வைக்கிற பக்கத்து அறை இருக்கிறது என்றான்.

"நுவரெலியா விடியக்காலை அப்பிடியே உதுக்குள்ளைதான் கிடக்கு மச்சான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா."

என் மனிசியை அவன் தங்கச்சி என்றுதான் சொல்லுவான். முதலாளியிடமும் கேட்டான். அவர் இது என்ன பைத்தியம் என்று கேட்டுவிட்டு, கீழே கழுவின துணி விரிக்க வேண்டும், பால் டின்னில் கை படக்கூடாது என்று சொல்லிச் சம்மதித்தார். எங்கள் குடும்பத்தைக் கண்டால் பாலுக்கு என்ன ஆகுமோ என்று அவருக்குப் பயம்.

பிள்ளையளே, நீங்கள் இதைச் செய்து பார்க்கக்கூடாது. குளிர் அறைக்குள் விளையாட்டாகப் போய்க் கதவு பூட்டுப்பட்டால் கதை முடிந்தது. எங்களோடு கூட்டாளி உள்ளேயே நின்றான், கதவும் உள்ளிருந்து திறக்கக் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். வெளியே வெயில் கொளுத்துகிறது. மனிசி பஞ்சாபிச் சட்டைக்கு மேல் சுவெற்றர், காலுக்கு மேசு என்று வெளிக்கிட்டு மோட்டார்சைக்கிளில் பின்னால் இருந்து வந்தாள். மகள் சைக்கிளில் பின்னால் வந்தாள். உள்ளே பால் டின்களுக்கும் மாம்பழப் பெட்டிகளுக்கும் நடுவில் துணியை விரித்து, பையைப் போட்டோம். மனிசி உள்ளே புகுந்து, மூடியைத் தலைக்கு இழுத்து, கயிற்றைச் சுருக்கிக்கொண்டாள். முகம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. மூக்கைப் பைக்குள் மூடாதீர்கள், மூச்சு ஈரம் உள்ளே போனால் பை குளிர்ந்துவிடும் என்று கதவடியில் நின்ற மகள் சொல்லிக்கொடுத்தாள்.

கூட்டாளி தன் தடித்த கோட்டோடு நின்றான். நான் அரைக்கைச் சட்டையோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் பல்லெல்லாம் தன்பாட்டில் கதைக்கத் தொடங்கின. நுவரெலியாவைப் பற்றி அதுவரை எனக்கு இருந்த மரியாதை போதாது என்று விளங்கிற்று. மனிசி சுகமாகக் கிடந்தாள். என்னைப் பார்த்து, ஏன் ஆடுறியள் என்றும் கேட்டாள். மகளின் முகத்தில் வெளிச்சம் வரத் தொடங்கியது.

பிறகு மனிசி ஒரு பக்கம் திரும்பினாள். மறுபக்கம் திரும்பினாள்.

"முதுகு குளிருது," என்றாள். "மேலாலை ஒண்டுமில்லை. கீழாலை ஏறுது."

"கொஞ்சம் பொறுத்துப் பாரும்."

"விடியுமட்டும் பிள்ளை பொறுக்கிறதோ? நெஞ்சுக்குள்ளை இறங்கினால் நுவரெலியாவிலை ஆர் ஓடித்திரியிறது?" சிப்பை இழுத்துக்கொண்டு எழும்பி இருந்தாள். "இல்லை. அவள் போகேலாது."

சண்டை பிடிக்கிற குரலில் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே படுத்துப் பார்த்து, உண்மையாகவே குளிர்ந்துதான் சொன்னாள். மகள் திரும்பி வெளியே போனாள். சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

நான் பையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். மேற்பக்கம் நல்லாக உப்பியிருந்தது. அடிப்பக்கம், அவள் படுத்த இடம், கனடாப் பை மாதிரியே தட்டையாகக் கிடந்தது. மாமா சொன்னது அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது. வருசக்கணக்காக அலுமாரி அமத்தினாலும் ஒன்றுதான், ஒரு மத்தியானம் ஆள் ஏறி அமத்தினாலும் ஒன்றுதான். கீழே இருக்கிற பஞ்சில் காற்று இல்லை. எவ்வளவு காசு கொடுத்து எந்தப் பனிமலைப் பை வாங்கினாலும் முதுகு அதன்மேல்தான் கிடக்கப்போகிறது. பைக்குக் கீழே வேறு ஏதோ வேண்டும்.

"மச்சான், நிலத்துக் குளிர் ஏறாமல் நீங்கள் இஞ்சை என்ன போட்டிருக்கிறியள்?" என்று கூட்டாளியைக் கேட்டேன்.

அவன் கதவு மூலையில் சுவரோடு ஓடின குழாயைக் காட்டினான். அதைச் சுற்றி மெல்லிய ஸ்பொஞ், அதற்கு மேல் வெள்ளித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சாமானை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே வெக்கை இறங்காமல் அடித்திருப்பது இதுதான். வெக்கையை மறிக்கிறது குளிரை மறிக்காதோ? அடித்த மிச்சம் வீட்டில் கிடக்கிறது, கோழிக்கூட்டுக்கு மேலே.

மனிசியை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன். வெளியே மகள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நின்றாள். போகாதே, உள்ளே போய் அம்மாவோடு இரு என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கோப்பாயில் கோழிகள் தங்கள் கூரை போவதைப் பற்றி நிறையக் கதைத்தன. தாளை உருவிக் கிணற்றடியில் போட்டுச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். பால் அறைக்குள் கொண்டுபோகிற சாமான், முதலாளி மணந்து பார்ப்பார். கொளுத்துகிற வெயில் முதன்முதலாக எனக்கு ஒரு உதவி செய்தது. உதறி மடிக்கும்போதே காய்ந்துவிட்டது.

நான் திரும்பி வரும்போது தாயும் மகளும் கடை மேசையில் இருந்தார்கள். தாய் கோப்பையை வழித்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு முன்னால் வெறுந்தேத்தண்ணி. முட்டுக்காரப் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் ஆகாது என்கிற சட்டம் ஐஸ்கிரீம் கடைக்குள்ளும் செல்லும்.

வெள்ளித்தாளை இரண்டு மடிப்பாக மடித்துக் கீழே போட்டு, அதன்மேல் பையைப் போட்டோம். மனிசி தாளைக் குனிந்து பார்த்தாள்.

"இது கோழிக்கூட்டிலை கிடந்ததெல்லோ?"

"கழுவினது."

"கழுவினதோ," என்றாள். ஆனால் படுத்தாள்.

இந்த முறை நான் கூட்டாளியின் இன்னொரு கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். மகள் கதவடியில் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனிசி திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். யோசிக்கிறாள் என்று நினைத்தேன். என்ன குறை பிடிக்கலாம் என்று யோசிக்கிறாள். குளிர் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இன்னொரு சத்தம் கேட்டது. மெதுவாகத் தொடங்கி, ஒழுங்கான இடைவெளி விட்டு வந்தது.

"அப்பா," என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. "அம்மா குறட்டை விடுறா."

பால் டின்களுக்கு நடுவில், நுவரெலியா விடியக்காலையில், என் மனிசி ஞாயிற்றுக்கிழமை மத்தியான நித்திரையில் இருந்தாள். கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். எழுப்புவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் முதலாளிதான் வந்து எட்டிப் பார்த்து, இஞ்சை வாடகை கட்டவேண்டி வரும் என்றார். அந்தச் சத்தத்துக்கு அவள் விழித்து, எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கண்ணை மூடி யோசிச்சனான்."

அவள் எழும்பி, சுவெற்றரை இழுத்துவிட்டு, மகளின் பக்கம் பார்த்தாள்.

"போ," என்றாள். "ஆனால் பகல் வேர்த்த உடுப்போடை உதுக்குள்ளை புகக்கூடாது. காய்ஞ்ச உடுப்பு, காய்ஞ்ச மேசு. வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுப் படு. தாள் பைக்குக் கீழை, பம்ப் தலைமாட்டிலை. விளங்கிச்சோ?"

மகள் ஓம் என்றாள். குனிந்து பையை எடுத்து உறைக்குள் தள்ளத் தொடங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு, அப்படியே விரித்தபடி தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். நல்லூர் வெயிலில் சாம்பல் நிறப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடிய பிள்ளையைச் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவளுக்கு அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

பாசறை நடந்த நாட்களில் பிள்ளையளிடம் போன் இல்லை. மனிசி என் போனை வாங்கி வைத்துக்கொண்டு நுவரெலியாக் காலநிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே எண் இறங்க இறங்க இங்கே என் சாப்பாட்டில் உப்புக் கூடியது. ஏதும் நடந்தால் கோழிக்கூட்டுத் தாளை நம்பின ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம்.

பஸ் திரும்பி வருகிற நாள் பள்ளிக்கூட வாசலில் நின்றோம். பிள்ளையள் எல்லாரும் மூக்குச் சிவந்து, தொண்டை கட்டி, ஆளுக்காள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். என் மகள் கடைசியாக இறங்கினாள். முகம் தொங்கிப்போய் இருந்தது. மனிசி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"முட்டு வந்ததோ?"

"இல்லை."

"பம்ப் அடிச்சனியோ?"

"வழமையா அடிக்கிறது மட்டுந்தான். வேறை தேவைப்படேல்லை."

"குளிர்ந்ததோ?"

"இல்லை அம்மா."

"பிறகேன் உந்த முகம்?"

அவள் பையை நிலத்தில் வைத்தாள். "மற்ற எல்லாருக்கும் குளிர்ந்ததாம். ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லையாம். நெருப்பு மூட்டிச் சுத்திவர இருந்து பாட்டுப் படிச்சவையாம். ரீச்சர் எல்லாருக்கும் கோப்பி போட்டுக் குடுத்தவவாம். மூண்டு நாளும் இதே கூத்துத்தானாம். நான் மட்டும் விடியுமட்டும் நித்திரை. ஒருத்தரும் என்னை எழுப்பேல்லை. நல்லாக் குறட்டை விட்டனான் எண்டு விட்டிட்டினமாம்."

மனிசி என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளையைப் பாசறைக்கு அனுப்பினது நித்திரை கொள்ளவோ?"

நான் பையைத் தூக்கித் தோளில் போட்டேன். பஸ் ஏறி வீட்டுக்கு வரும்வரைக்கும் மகள் முறைப்பாடு சொல்லி முடிக்கவில்லை. என்ன பாட்டுப் படித்தார்கள், யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள், கோப்பிக்குச் சீனி போதாமல் போனது, எல்லாம் சொன்னாள், எல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. ஒரு இடத்திலும் மூச்சு வாங்க நிற்கவில்லை, இருமவும் இல்லை. மனிசி வழமையாக நடுவில் பத்துக் கேள்வி கேட்கிறவள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. யன்னலைச் சாத்திவிட்டு, அந்த மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள்.